மாமின் ‘அஷெண்டன்’: எந்தப் பதிப்பு, எந்தப் படம்?

தேன்மொழி

எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த சந்திப்புக்கு ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் எழுதிய ‘அஷெண்டன்’ உளவுக் கதைகளை எடுத்திருக்கிறோம். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காக உளவு பார்க்கும் எழுத்தாளர்தான் அஷெண்டன். தொடக்கத்திலேயே சிக்கல். ஒருவர் கையில் இருக்கும் புத்தகத்தில் 16 அத்தியாயங்கள். இன்னொருவரிடம் மாமின் சிறுகதைத் தொகுப்பு மூன்றாம் பாகம் இருக்கிறது, அதில் அஷெண்டன் வருவது ஏழே கதைகளில்தான். எது முழுசு? இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றாகப் பேச முடியுமா?

படமும் போட்டுப் பார்க்கலாம் என்று எண்ணம். ஹிட்ச்காக்கின் ‘சீக்ரெட் ஏஜென்ட்’ இந்தக் கதைகளிலிருந்து எடுத்தது என்கிறார்கள். ஆனால் ஒரு நண்பர் தேடிப் பார்த்துவிட்டு, “அது லண்டனில் குண்டு வைக்கிற கதை, மாமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை” என்கிறார். பிபிசி தொடர் ஒன்றும் உண்டாமே, தேறுமா? ‘ஜூலியா லஸாரி’யில் வரும் இந்தியப் புரட்சியாளன் சந்திர லால் நிஜ மனிதர் ஒருவரை வைத்து எழுதியதா? கடைசியாக, ஒரு கதையைத் தமிழாக்கி அச்சடித்துக் கொடுக்க ஆசை. யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

நூலடுக்கு

பதிப்பு விஷயத்தைச் சொல்கிறேன், மற்றதை மற்ற நண்பர்கள் சொல்லட்டும்.

1928இல் வந்த மூலப் புத்தகத்தில் 16 அத்தியாயங்கள். பிற்பாடு சிறுகதைகளை மொத்தமாகத் தொகுத்தபோது மாம் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து ஆறு நீண்ட கதைகளாக்கிவிட்டார். ‘ஆர்.’, ‘எ டோமிசிலியரி விசிட்’, ‘மிஸ் கிங்’ மூன்றும் சேர்ந்து ‘மிஸ் கிங்’. ‘தி ஹேர்லெஸ் மெக்ஸிகன்’, ‘தி டார்க் உமன்’, ‘தி கிரீக்’ மூன்றும் ஒரே மெக்ஸிகன் கதை. ‘எ ட்ரிப் டு பாரிஸ்’ ஜூலியா லஸாரியோடு போய்விட்டது. ‘குஸ்தாவ்’ ‘தி ட்ரெய்ட்டர்’ கதைக்கு முகப்பாகிவிட்டது. ‘பிஹைண்ட் தி சீன்ஸ்’ ‘ஹிஸ் எக்ஸலன்ஸி’க்குள் அடங்கியது. ரஷ்யாவில் நடக்கும் கடைசி மூன்றும் ‘மிஸ்டர் ஹாரிங்டன்ஸ் வாஷிங்’. கூட்டினால் 15 வரும். விடுபட்ட ஒன்று ‘தி ஃப்லிப் ஆஃப் எ காயின்’.

விடுபட்டது சின்ன அத்தியாயம்தான், ஆனாலும் அதைப் படிக்காமல் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினால் குறையாகவே இருக்கும். ஆஸ்திரியாவில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளைத் தகர்க்கலாமா என்று அஷெண்டன் முடிவு சொல்ல வேண்டும். தகர்த்தால் சாவது தகவல் கொண்டுவந்த ஏஜென்ட்டின் சொந்த இனத்துத் தொழிலாளிகள். முடிவு நாணயத்தைச் சுண்டி எடுக்கப்படுகிறது. பூவா தலையா என்பதை மாம் நமக்குச் சொல்வதில்லை. புத்தகம் நெடுக ஓடும் விஷயமே இதுதான்: உத்தரவு மேலிருந்து வரும், பலன் வேறெங்கோ நடக்கும், நடுவில் இருப்பவனுக்கு இரண்டும் தெரியாது. அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அப்புறம் இரண்டு பதிப்புக்காரர்களும் தாராளமாகச் சேர்ந்து பேசலாம்.

மூன்றாம் பாகத்தின் ஏழாவது கதையான ‘சானடோரியம்’ பத்தாண்டு கழித்து எழுதியது. ஸ்காட்லாந்துக் காசநோய் மருத்துவமனை ஒன்றில் அஷெண்டன் நோயாளியாகக் கிடக்கிறார். உளவு வாடையே கிடையாது. நல்ல கதை, ஆனால் உங்கள் சந்திப்புக்கு வேண்டாம். அதுவும் படமாகியிருக்கிறது: 1950இல் வந்த ‘ட்ரையோ’வின் மூன்றாம் பகுதி, அஷெண்டனாக ரோலண்ட் கல்வர்.

வாங்குகிறவர்கள் பொருளடக்கத்தில் முதல் வரி ‘ஆர்.’ என்று இருக்கிறதா, 13ஆவது ‘தி ஃப்லிப் ஆஃப் எ காயின்’ இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அட்டைப்படத்தை நம்பாதீர்கள்.

பழையபடம்

உங்கள் நண்பர் பார்த்தது ‘சபோட்டாஜ்’ ஆக இருக்கும். ஹிட்ச்காக் ஒரே ஆண்டில், 1936இல், இரண்டு உளவுப் படங்கள் தந்தார். மாமின் கதைகளிலிருந்து எடுத்ததற்கு ‘சீக்ரெட் ஏஜென்ட்’ என்று பெயர் வைத்தார். ஜோசஃப் கான்ராட் எழுதிய நாவலின் பெயரே ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’. அதைப் படமாக்கியபோது தலைப்பு ஏற்கெனவே செலவாகிவிட்டதால் ‘சபோட்டாஜ்’ ஆனது. போதாததற்கு கான்ராட் நாவல் அதன் சொந்தப் பெயரிலேயே 1996இல் படமாகவும் 2016இல் பிபிசி தொடராகவும் வந்தது. 2025இல் அதே பெயரில் பிரேசில் படம் வேறு. எனவே தலைப்பை மட்டும் போட்டுத் தேடாமல், 1936, ஜான் கில்குட், பீட்டர் லோரே என்று சேர்த்துத் தேடுங்கள்.

இப்போது படம். நேரடியாகக் கதையிலிருந்து திரைக்கதைக்கு வந்ததில்லை. கேம்பெல் டிக்ஸன் இந்தக் கதைகளை வைத்து எழுதிய நாடகம் நடுவில் உண்டு. திரைக்கதை சார்லஸ் பென்னட். எடுத்துக்கொண்டவை இரண்டு கதைகள்: ‘தி ட்ரெய்ட்டர்’, ‘தி ஹேர்லெஸ் மெக்ஸிகன்’. எங்கே ஒட்டுப் போட்டார்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தால்தான் இந்தப் படத்தின் சிறப்பும் பிடிபடும், குறையும் பிடிபடும்.

புத்தகத்தில் மெக்ஸிகன் ஜெனரல் கர்மோனா நேப்பிள்ஸில் ஒரு கிரேக்கனைக் கொல்கிறான். அவன் அறையைச் சல்லடை போட்டுச் சலித்தும் எந்த ஆவணமும் சிக்கவில்லை. பிறகு சங்கேதத் தந்தி வருகிறது: தேடிய ஆள் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலே ஏறவில்லை. செத்தவன் யாரோ. கதை அங்கேயே நின்றுவிடுகிறது. இன்னொரு கதையான ‘தி ட்ரெய்ட்டர்’ லுசெர்னில் நடக்கிறது. கேய்பர் என்ற ஆங்கிலேயன் ஜெர்மனிக்கு வேலை செய்கிறான். அவன் குற்றவாளி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மலைப்பூக்களை நேசிப்பவன், மனைவி மேல் உயிரையே வைத்திருப்பவன், ஃப்ரிட்ஸி என்ற புல் டெரியர் நாயை வளர்ப்பவன். அஷெண்டன் அவனை இங்கிலாந்துக்கு வரவழைக்கும் பொறியில் ஒரு பங்காக இருக்கிறார். போனவன் திரும்புவதில்லை.

ஹிட்ச்காக் என்ன செய்தார்? முதல் கதையின் தந்தியை இரண்டாம் கதையின் மனிதன் தலையில் கட்டிவிட்டார். படத்தில் கேய்பர் நிரபராதி. அவனை மலையிலிருந்து தள்ளிக் கொன்ற பிறகுதான் அவன் அந்த ஆள் இல்லை என்று தந்தி வருகிறது. இந்த ஒரு மாற்றத்தால் படத்தின் முதல் ஒரு மணி நேரம் அபாரமாகிறது, மீதி நொண்டுகிறது.

அபாரம் என்பதற்கு அந்தச் சட்டைப் பொத்தான் ஒன்றே போதும். தேவாலயத்தில் ஆர்கன் ஒரே சுரத்தில் நிற்காமல் ஒலிக்கிறது. அருகில் போனால், வாசிப்பவன் செத்து விசைகள் மேல் சாய்ந்து கிடக்கிறான். கையில் ஒரு பொத்தான். அதை எடுத்துக்கொண்டு சூதாட்ட விடுதிக்கு வருகிறார்கள். ஜெனரலின் கையிலிருந்து அது ரூலெட் மேஜையில் விழுகிறது. பக்கத்தில் நிற்கும் கேய்பர் தன் சட்டையைப் பார்த்துவிட்டு, அது தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொள்கிறான். ஓர் ஆளின் சாவு அந்த நொடியில் நிச்சயமாகிறது, வசனம் ஏறக்குறைய தேவையே படவில்லை. பின்னால் கிராமத்து நடனத்தில் கிண்ணத்துக்குள் நாணயத்தைச் சுழற்றி ஒலி எழுப்புகிறார்கள். கொலைக்குப் பிறகு அந்தச் சுழலைப் பார்க்கும்போது நமக்கும் அந்தப் பொத்தான்தான் கண்ணில் நிற்கும்.

கொலைக் காட்சியையும் கவனியுங்கள். அஷெண்டனாக வரும் கில்குட் மலைக்குப் போகாமல் பின்தங்கி, தொலைநோக்கி வழியாகப் பார்க்கிறார். அதே நேரம் விடுதியில் கேய்பரின் மனைவி, கதாநாயகி மேடலின் கரோலுக்கு ஜெர்மன் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள். நாய் கதவைப் பிறாண்டி ஊளையிடுகிறது.

நொண்டுவது எங்கே என்றால், நிரபராதி செத்த பிறகு கதாநாயகனுக்கு வேலையில் பற்று போய்விடுகிறது. ஆனால் படத்துக்கு ஒரு முடிவு வேண்டுமே. எனவே உண்மையான ஒற்றன் ராபர்ட் யங், கான்ஸ்டான்டினோபிள் ரயில், மேலிருந்து விமானக் குண்டு என்று அடுக்கி எல்லாக் கணக்கையும் இடிபாடுகளில் தீர்க்கிறார்கள். ஹிட்ச்காக்கே பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் இதைச் சொல்லியிருக்கிறார்: வேலையை வெறுக்கும் நாயகன் பின்னால் பார்வையாளர்கள் வரமாட்டார்கள். மாமுக்கு அந்த வெறுப்புதான் கதை. திரையில் அதுவே பிரேக் பிடித்துவிட்டது.

கார்முகில்

சந்திர லால் பற்றி. ஆம், நிஜ மனிதர் பின்னால் இருக்கிறார் என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலோரின் கருத்து: வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா, சுருக்கமாகச் சட்டோ. ஹைதராபாத்தில் பிறந்தவர், சரோஜினி நாயுடுவின் தம்பி. முதல் உலகப் போரில் பெர்லினில் இருந்து இந்தியப் புரட்சியாளர்களின் குழுவை நடத்தினார்.

இந்தக் கதை புத்தகத்தில் இருப்பது தற்செயல் இல்லை. 1915இல் மாமை உளவு வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர் ஜான் வாலிங்கர். கதைகளில் அஷெண்டனின் மேலதிகாரியான ‘ஆர்.’ பாத்திரத்துக்கு அவரே மாதிரி என்பார்கள். அவர் இந்தியப் போலீஸ் அதிகாரி. 1909இல் மதன்லால் திங்ரா லண்டனில் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்ற பிறகு, ஐரோப்பாவில் இருந்த இந்திய தேசியவாதிகளைக் கண்காணிக்க அங்கே அனுப்பப்பட்டவர். அந்தக் கெடுபிடிக் காலத்தில்தான் இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய விடுதியான இந்தியா ஹவுஸில் இருந்த வ.வே.சு. ஐயர் லண்டனை விட்டு 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அதாவது அஷெண்டனுக்குச் சம்பளம் கொடுத்த கை நம் ஆட்களைத் துரத்திய அதே கைதான். இதை நம் வாசகர் வட்டங்கள் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

கதை நடக்கும் சுவிட்சர்லாந்தும் பொருத்தமான இடமே. திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை 1914இல் சூரிச்சில்தான் சர்வதேச இந்திய ஆதரவுக் குழுவைத் தொடங்கினார். பிறகு பெர்லின் குழுவில் சட்டோவுடன் சேர்ந்தார். சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யாவும் அந்தக் குழுவில் இருந்தார். பாரதி ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ பத்திரிகையோடு தொடர்புடையவர்.

ஆனால் சட்டோ கதையில் வருகிற மாதிரி சாகவில்லை. சந்திர லால் காதலி எழுதிய கடிதத்தை நம்பி ஏரியைத் தாண்டி பிரெஞ்சுக் கரையான தொனோனுக்கு வருகிறான், பிடிபட்டதும் விஷம் குடித்துவிடுகிறான். சட்டோ போருக்குப் பிறகும் வாழ்ந்து, சோவியத் நாட்டில் ஸ்டாலின் காலக் களையெடுப்பில் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கூட்டத்தில் விவாதிக்க இரண்டு இடங்கள் சொல்கிறேன். ஒன்று, பாரிஸில் ஆர். கோப்பைக் காட்டும்போது, பிரிட்டிஷ் அதிகாரத்தை ஏறக்குறையத் தனியாளாக எதிர்க்கும் அவன் துணிச்சலை மதிக்காமல் இருக்க முடியவில்லை என்ற பொருளில் அஷெண்டன் பேசுகிறார். ஆர். உடனே அதை வெட்டிவிடுகிறார். 1928இல் ஓர் ஆங்கிலேய எழுத்தாளர் அந்த வாக்கியத்தை வைத்தது பெரிய விஷயம். இரண்டு, கடைசிப் பக்கம். காதலன் பிணமாகக் கிடக்கிறான். காட்டிக்கொடுக்கும் கடிதத்தை எழுதும்படி மிரட்டப்பட்ட ஜூலியா, தான் அவனுக்கு கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்த கைக்கடிகாரம் 12 பவுண்டு, அது திரும்பக் கிடைக்குமா என்று கேட்கிறாள். அவள் கல்நெஞ்சக்காரி என்று சிலர் சொல்வார்கள். பத்தாண்டுச் சிறை என்று பயமுறுத்தி, நாள் கணக்கில் காவலில் வைத்து, ஒவ்வொரு கடிதமாக எழுத வைத்த பிறகு அவளிடம் என்ன மிச்சம் இருந்தது என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

தேன்மொழி

மிக்க நன்றி. இந்தப் பின்னணி இல்லாமல் படித்திருந்தால் ஜூலியா கதையை வெறும் காதல் சோகமாகவே கடந்திருப்போம். கார்முகில் சார் சொன்ன இரண்டு இடங்களையும் குறித்துக்கொண்டேன்.

ஒரு சந்தேகம்: நாய் ஊளையிடும் காட்சி புத்தகத்திலும் இருக்கிறதா? பிபிசி தொடர் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

அலைவரிசை

நாய் இரண்டிலும் உண்டு, ஆனால் நேரம் வேறு. புத்தகத்தில் கேய்பர் செத்தது யாருக்கும் காட்டப்படுவதில்லை. அவன் மனைவி நாள்தோறும் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத் திரும்புகிறாள். ஒருநாள் அவளுக்கு விஷயம் புரிந்துபோகிறது. அப்போதுதான் ஃப்ரிட்ஸி தலையைத் தூக்கி ஊளையிடுகிறது. ஹிட்ச்காக் அந்த ஊளையை எடுத்து, மலையில் உயிர் போகும் கணத்தில் வைத்தார். நாய்க்கு ஞானதிருஷ்டி வந்துவிட்டது! திரையில் அது வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புத்தகத்தில் அந்த ஜெர்மன் பாடத்தைக் கற்பவர் அஷெண்டனேதான். அவள் எதிரில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டே அவள் கணவனுக்குக் குழி பறிக்கிறார். படம் அந்த நாற்காலியில் கதாநாயகியை உட்கார வைத்து, நாயகனைத் தொலைநோக்கிக்குப் பின்னால் ஒளித்துவிட்டது. குற்றவுணர்வு பாதியாகக் குறைந்துவிட்டது. அதனால் முதல் ஒரு மணி நேரத்தில் குறையே இல்லை என்று பழையபடம் சொல்வதை நான் ஏற்கவில்லை. கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

பிபிசி தொடர் 1991. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். எழுதியவர் டேவிட் பிரி, இயக்கம் கிறிஸ்டோஃபர் மொராஹன். அஷெண்டனாக அலெக்ஸ் ஜென்னிங்ஸ், ஆர். ஆக இயன் பேனன். பகுதிகளின் பெயர்கள் ‘தி டார்க் உமன்’, ‘தி ட்ரெய்ட்டர்’, ‘மிஸ்டர் ஹாரிங்டன்ஸ் வாஷிங்’, ‘தி ஹேர்லெஸ் மெக்ஸிகன்’. தலைப்பைப் பார்த்து அத்தியாயத்தோடு பொருத்திவிடாதீர்கள். ‘தி டார்க் உமன்’ புத்தகத்தில் மெக்ஸிகன் சொல்லும் பழைய காதல் கதை.

புத்தகத்தில் இல்லாத ஒருவரைத் தொடர் கொண்டுவருகிறது: பிரிட்டிஷ் உளவுத் துறையின் அன்றைய நிஜத் தலைவர் கம்மிங், நடித்தவர் ஜாஸ் ஆக்லண்ட். இது ஏன் முக்கியம் என்றால், மாமின் உலகத்தில் ஆர்.க்கு மேலே யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். மேலிடத்துக்கு ஒரு முகம் கொடுத்ததும் அந்த இருட்டு கொஞ்சம் விலகிவிடுகிறது. எனக்கு இது நஷ்டமாகவே படுகிறது.

லாபம் நடிகர் தேர்வில். கேய்பராக ஆலன் பென்னட். இதைவிடப் பொருத்தமான தேர்வு இருக்க முடியாது. ஒரு ஸ்பானிய இளைஞனைச் சாவுக்குக் காட்டிக்கொடுத்தவன் இவ்வளவு இனியவனாக இருக்கிறானே என்று அஷெண்டன் தடுமாறுவதுதான் மூலக் கதையின் முள். ஹிட்ச்காக் கேய்பரை நிரபராதியாக்கி அந்த முள்ளைப் பிடுங்கி எறிந்தார், தொடர் அதை விட்டுவைத்தது. ஆல்ஃப்ரட் மொலினாவின் கர்மோனாவையும் பீட்டர் லோரேவின் ஜெனரலையும் அடுத்தடுத்துப் பாருங்கள். புத்தகத்தில் அவன் உடம்பில் ஒரு முடி கிடையாது, விக் வைத்துக்கொள்பவன். லோரேவுக்கோ சுருட்டை முடி.

நேரம் ஒரு பகுதிக்குத்தான் இருக்கிறது என்றால் ‘தி ட்ரெய்ட்டர்’ போடுங்கள், ஹிட்ச்காக்குடன் நேராக ஒப்பிடலாம். இரண்டு பகுதி என்றால் கூடவே ஹாரிங்டன். அதில் ரெனே ஓபர்ஜோனுவா. 1917 பெட்ரோகிராடில் புரட்சி வெடிக்கும்போது, வெளுக்கப் போட்ட துணிகளை வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பமாட்டேன் என்று நிற்கும் அமெரிக்க வியாபாரியின் கதை. மாம் அந்த ஆண்டு ரஷ்யாவில் கெரன்ஸ்கியின் அரசைத் தாங்கிப் பிடிக்க நிஜமாகவே அங்கே அனுப்பப்பட்டார்.

‘ஹிஸ் எக்ஸலன்ஸி’யை ஹிட்ச்காக்கும் தொடவில்லை, இந்தத் தொடரும் தனிப் பகுதியாக எடுக்கவில்லை. காரணம் எளிது: ஒரு தூதர் இரவு விருந்துக்குப் பிறகு வேறொருவன் கதை மாதிரித் தன் காதலைச் சொல்கிறார், அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் இயன் ஃப்ளெமிங் இதே வடிவத்தில் ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ எழுதினார், 1960இல் வந்த ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ தொகுப்பில் இருக்கிறது. விருந்து முடிந்து ஆளுநர் கதை சொல்ல, பாண்ட் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறான். 2008 படம் அந்தக் கதையின் பெயரை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. இரண்டு கதைகளையும் ஒரே வாரத்தில் படிக்கச் சொல்லுங்கள், விவாதம் தானாகச் சூடு பிடிக்கும்.

பதிப்புரிமை

மாம் இறந்தது 1965 டிசம்பர் 16. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை. அது 2025 டிசம்பர் 31உடன் முடிகிறது. 2026 ஜனவரி 1 முதல் இந்தியாவில் மொழிபெயர்க்கவும் அச்சிடவும் யாரிடமும் அனுமதி வேண்டாம்.

ஆனால் இது நாட்டுக்கு நாடு மாறும். இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகியவற்றில் 70 ஆண்டுகள், அதாவது 2035 முடிவு வரை. மலேசியாவில் 50தான், 2015உடன் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 1928 வெளியீடு என்ற கணக்கில் 2024 ஜனவரியில் பொதுவுடைமையானது, ஆனால் மாம் பின்னாளில் எழுதிச் சேர்த்த முன்னுரைக்கு அங்கே தனிக் கணக்கு. உங்கள் வட்டத்தில் யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ உறுப்பினர்கள் இருந்தால் அச்சுப் பிரதியை அங்கே அனுப்புவதற்கு முன் யோசியுங்கள்.

இரண்டு இடங்களில் பலர் இடறுவார்கள். புதுப் பதிப்புகளில் இன்றைய எழுத்தாளர்களின் அறிமுகம் இருக்கும், அதற்கு உரிமை உயிரோடிருக்கிறது, அதைப் பெயர்க்கக் கூடாது. ஏற்கெனவே யாராவது செய்த தமிழாக்கம் இருந்தால் அதுவும் அந்த மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்தம், மூலத்திலிருந்தே செய்யுங்கள். பதிப்பு 16 அத்தியாயமா ஆறு கதையா என்பதை முதல் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

திரையிடலுக்கு: இந்தியாவில் திரைப்பட உரிமை வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டு. 1936 படம் அதை எப்போதோ தாண்டிவிட்டது. 1991 தொடர் தாண்டவில்லை, பொது அரங்கில் போட அனுமதி வேண்டும்.

பழையபடம்

அலைவரிசை சொன்ன நாற்காலி மாற்றம் நல்ல வாதம், படத்தை அந்தக் கண்ணோடு திரும்பப் பார்க்க வேண்டும்.

தேன்மொழி, பிரதி எடுக்கும்போது ஒலியைச் சோதித்துவிட்டுப் போடுங்கள். இந்தப் படத்துக்கு இணையத்தில் மங்கலான பழைய நகல்கள் நிறையச் சுற்றுகின்றன. படம் மங்கலாக இருந்தால் சமாளிக்கலாம், ஒலி கரகரத்தால் ஆர்கன் காட்சியே போச்சு. அந்த நிற்காத சுரமும், அதற்குப் பிறகு மணிக்கூண்டில் ஒளிந்திருக்கும்போது காதைப் பிளக்கும் மணியும் தெளிவாகக் கேட்டாக வேண்டும். முதலில் ஆர்கன் காட்சியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அது சரியாகக் கேட்டால் மீதிக்குக் கவலையில்லை. லோரே பேசும் ஆங்கிலம் புதியவர்களுக்குப் புரியாது, துணைத்தலைப்பு இருக்கும் நகலையே தேர்ந்தெடுங்கள். படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பேச மாலை முழுக்க மிச்சம் இருக்கும்.